ஒசாகாக் கோட்டை: லிஃப்ட் வைத்த கோட்டையும் ஒரு கோட்டையா?

#1 | அகழிக்கரை

அலுவலக வேலையாக ஒசாகா போயிருந்தேன். கடைசி நாள் ஒரு பகல் மிச்சம் இருந்தது, கோட்டைக்குப் போனேன். பிப்ரவரி மாதம், பிளம் மரங்கள் பூக்கத் தொடங்கிய நேரம். அகழிப் பாலத்தைத் தாண்டி, ஆளை விழுங்கும் கருங்கல் மதில்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் அண்ணாந்து பார்த்தால் வெள்ளைச் சுவர், பச்சைக் கூரை, உச்சி மாடத்தில் பொன்னில் பாயும் புலி. மனம் நிறைந்துவிட்டது.

உள்ளே போனதும் எல்லாம் வடிந்துவிட்டது. டிக்கெட், வரிசை, லிஃப்ட், கண்ணாடிப் பெட்டிகள், நினைவுப் பொருள் கடை. சந்தேகம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தேன். கான்கிரீட்! 1931இல் கட்டியதாம். நானூறு ஆண்டுக் கோட்டை என்று நம்பிப் போனவனுக்கு, கல்யாண வீட்டில் வாழைப்பழம் என்று எடுத்துப் பார்த்தால் மெழுகுப் பழம் என்பது போல ஆகிவிட்டது.

ஜப்பான் வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதைக் கோட்டை என்று சொல்லலாமா?

#2 | சந்தேகப்பிராணி

சொல்லக் கூடாது. கோட்டை வடிவத்தில் ஓர் அருங்காட்சியகம், அவ்வளவுதான். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஹிமேஜி. அது மரம், அது அசல். ஜப்பானில் பழைய நடுக்கோபுரம் நிலைத்து நிற்கும் கோட்டைகள் மொத்தம் 12. ஒசாகா அந்தப் பட்டியலில் இல்லை.

#3 | ஒசாகாவாசி

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் அந்த அகழியைச் சுற்றித்தான் ஓடுகிறேன். ஆகவே கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அசல்" என்கிறீர்கள். எந்த அசல்? கணக்குப் பார்ப்போம்.

முதலில் அங்கே இருந்தது கோட்டையே இல்லை, கோயில். இஷியாமா ஹோங்கான்ஜி என்ற பௌத்த மடம். 1496இல் ரென்யோ என்ற துறவி போட்ட சிறு ஆசிரமம் வளர்ந்து, தனி ஊராகி, படை வைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஓடா நோபுநாகா என்ற போர்த்தலைவர் அதைப் பிடிக்கப் பத்தாண்டு போராடினார், 1570 முதல் 1580 வரை. கடைசியில் மடத்தார் இடத்தை விட்டுப் போனபோது அது எரிந்து போனது.

அந்த இடத்தில் 1583இல், நோபுநாகாவுக்குப் பின் ஆட்சியைப் பிடித்த டோயோடோமி ஹிதேயோஷி கோட்டை கட்டத் தொடங்கினார். நடுக்கோபுரம் 1585இல் எழுந்தது. 1615இல் எதிரிக் குலமான டோகுகாவாவின் படை உள்ளே புகுந்தபோது எரிந்தது. ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரியும் அவனுடைய தாய் யோதோவும் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஆக, முதல் கோபுரத்தின் ஆயுள் 30 ஆண்டு.

பிறகு டோகுகாவா ஆட்சி 1620இல் தொடங்கிப் புதிதாகக் கட்டியது. அந்தக் கோபுரம் 1626இல் முடிந்தது, 1665இல் இடி விழுந்து எரிந்தது. ஆயுள் 39 ஆண்டு. அதன் பிறகு 266 ஆண்டு அந்தக் கல்பீடம் மொட்டையாகவே கிடந்தது.

1931இல் எழுந்த கான்கிரீட் கோபுரம் இன்னும் நிற்கிறது. முந்தைய இரண்டின் வயதையும் கூட்டினாலும் இதன் வயதுக்கு வராது. ஒசாகாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த கோபுரம் இது ஒன்றுதான். ஹிதேயோஷி கட்டியது அவருடைய பேரன் பேத்தி வளர்ந்து ஆளாகும் வரைகூட நிற்கவில்லை.

#4 | சந்தேகப்பிராணி

வயதை வைத்து வாதாடுகிறீர்கள், சரி. உருவத்தை என்ன செய்வீர்கள்? கீழே நான்கு அடுக்கு டோகுகாவா பாணி வெள்ளை. மேலே ஓர் அடுக்கு டோயோடோமி பாணி கறுப்பும் பொன்னும். நிற்கும் பீடம் டோகுகாவா காலத்தது. டோயோடோமி குலத்தை வேரோடு அழித்தது டோகுகாவா. கொன்றவன் தோளில் செத்தவன் தலையை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஹிதேயோஷி எழுந்து வந்தால் தன் வீடு என்று அடையாளம் கண்டுகொள்வாரா?

மிச்சம் மீதி இருந்ததும் 1945இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் போய்விட்டது என்று படித்த நினைவு.

#5 | ஒசாகாவாசி

> கொன்றவன் தோளில் செத்தவன் தலை

இதை நான் எழுதாமல் போனேனே என்று பொறாமையாக இருக்கிறது. உருவம் கலவைதான், மறுக்கவில்லை. 1615 போரைக் காட்டும் பழைய மடிப்புத்திரை ஓவியம் ஒன்று இருக்கிறது, குரோதா குடும்பத்தாரிடம் இருந்தது. அதில் வரைந்திருக்கும் கோபுரத்தைப் பார்த்து 1931இல் வடிவமைத்தார்கள். அந்தத் திரை இப்போது இதே கோபுரத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.

1945 பற்றி நீங்கள் சொன்னது தவறு. குண்டுவீச்சில் கோபுரம் போகவில்லை. போனவை சுற்றியிருந்த பழைய காவல்மாடங்கள் சில. கான்கிரீட் தப்பியது, டோகுகாவா காலத்து மரம் எரிந்தது. "அசல்" கட்சிக்காரர்களுக்கு இது கசக்கும்.

#6 | கல்தச்சன்

கோபுரத்தை விடுங்கள். எல்லாரும் கோபுரத்தையே பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கல்லைப் பார்க்க ஆளில்லை.

சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கிறதே, அது ஒரே கல். "தாகோ இஷி" என்று பெயர், ஆக்டோபஸ் கல். கீழ்மூலையில் ஆக்டோபஸ் தலை போல ஒரு பழுப்புக் கறை, அதனால் அந்தப் பெயர். முகப்பின் பரப்பு ஏறத்தாழ 59 சதுர மீட்டர். சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு என்று விற்கிறார்களே, அதை நெட்டுக்குத்தாக நிறுத்தியது போல. எடை நூறு டன்னுக்கு மேல். ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது: கல் அகலமே தவிர, தடிமன் ஒரு மீட்டருக்கும் குறைவு என்று கணக்கிடுகிறார்கள். பலகை போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வருகிறவன் முதல் பார்வையிலேயே மிரள வேண்டும், அதுதான் அந்தக் கல்லின் வேலை. ஒகயாமா பக்கத்திலிருந்து கடல் வழியாக வந்த கல் அது.

நாட்டை ஆண்ட டோகுகாவா ஷோகுன் இதைத் தன் கைக்காசில் கட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. மேற்கு ஜப்பானின் சிற்றரசர்கள் அறுபத்துச் சொச்சம் பேருக்கு மதிலைப் பங்கு போட்டுக் கொடுத்து, அவரவர் செலவில், அவரவர் ஆளை வைத்துக் கட்டச் சொன்னார். நேற்றுவரை எதிரணியில் நின்றவர்களின் கஜானாவும் காலி, நமக்குக் கோட்டையும் மிச்சம். மதிலோரம் நடந்தால் கற்களில் சிறு சிறு குறிகள் தெரியும்: வட்டம், அம்பு, குலச்சின்னம். என் கல்லை நீ எடுத்துவிடாதே என்பதற்கான அடையாளம். உள் அகழியின் அடியிலிருந்து அளந்தால் சில இடங்களில் மதில் 30 மீட்டரைத் தாண்டுகிறது. சாந்து கிடையாது.

ஷோதோ தீவில் இந்தக் கோட்டைக்காக வெட்டி, கப்பல் ஏறாமலே நின்றுபோன கற்கள் இன்னும் கடற்கரையில் கிடக்கின்றன. "ஸன்னென் இஷி" என்கிறார்கள், ஏமாந்த கல் என்று வைத்துக்கொள்ளலாம். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். உளி வாய் வைத்த குழிகள் வரிசையாக, பல் வரிசை போல. பிளக்க எல்லாம் ஆயத்தம், பிளக்க ஆள் வரவில்லை. நானூறு ஆண்டாக நிற்கிறது.

#7 | அகழிக்கரை

தச்சரே, அந்தக் கல்லின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன், ஒரே கல் என்று தெரியாமலே. ஹிதேயோஷி காலத்துக் கல் ஒன்றுகூட இல்லையா?

#8 | கல்தச்சன்

இருக்கிறது, காலுக்கு அடியில். டோகுகாவாக்காரர்கள் பழைய கோட்டையின் மேல் மண் கொட்டிப் புதைத்து, அதன் மேல்தான் தங்கள் கோட்டையைக் கட்டினார்கள். இதுவே யாருக்கும் தெரியாமல் இருந்தது. மேலே தெரிவதெல்லாம் ஹிதேயோஷி கட்டியது என்றே ஊர் நம்பியது. 1959இல் ஆய்வுக்காகத் துளை போட்டபோது பல மீட்டர் ஆழத்தில் வேறொரு மதில் தட்டுப்பட்டது. 1984இல் குடிநீர் வேலைக்காகத் தோண்டும்போது இன்னொரு பகுதி கிடைத்தது. அதைப் பார்க்க வசதியாக நிலத்துக்கு அடியில் ஒரு காட்சிக்கூடம் கட்டி 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறார்கள்.

அந்த மதில் செதுக்காத கற்களால் ஆனது. கிடைத்த கல்லைக் கிடைத்தபடி, வேறு கட்டடத்துக் கற்களையும் பிடுங்கி வந்து அடுக்கியிருக்கிறார்கள். அவசரக்காரனின் மதில். சில கற்கள் 1615 தீயில் வெந்து சிவந்திருக்கின்றன.

#9 | நெறியாளர்

ஒசாகாவா, ஓசாகாவா, ஓஸாக்காவா என்ற சண்டையின் 23 பதிவுகளை மொழி அரங்குக்கு மாற்றிவிட்டேன். இங்கே கோட்டையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

#10 | பழுப்புக்காகிதம்

எல்லாரும் ஷோகுன், சாமுராய் என்று நிற்கிறீர்கள். இந்தக் கோட்டையின் நீளமான கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1868 ஜனவரி. கடைசி ஷோகுன் யோஷினோபு கியோத்தோ அருகே போரில் தோற்ற சேதி வந்ததும், தன் படைக்கே சொல்லாமல் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு நழுவித் துறைமுகத்துக்குப் போய்விட்டார். இருட்டில் தன் கப்பலைக் கண்டுபிடிக்க முடியாமல் முதலில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலில் ஏறித் தங்க வேண்டி வந்தது. தலைவன் போனபின் கோட்டை என்ன ஆகும்? சில நாளில் உள்ளே இருந்த மாளிகைகள் பெரும்பாலும் எரிந்தன.

புது அரசு அங்கே படையைக் கொண்டுவந்து வைத்தது. 1870இல் கோட்டைக்குள்ளேயே பீரங்கித் தொழிற்சாலை. அது வளர்ந்து வளர்ந்து கிழக்குப் பக்கம் முழுவதையும் விழுங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் கொரியர்களையும் பிடித்துக்கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். உள்கோட்டையில் நான்காம் படைப்பிரிவின் தலைமையகம். அரண்மனை எரிந்துபோன வெற்றிடத்துக்கு 1885இல் வகயாமா கோட்டையிலிருந்து ஒரு மாளிகையைப் பெயர்த்தெடுத்து வந்து வைத்தார்கள். அதுவும் 1947இல், அமெரிக்கப் படை தங்கியிருந்தபோது, தீப்பிடித்து எரிந்தது. இந்த இடத்துக்கும் தீக்கும் அப்படி என்ன உறவோ.

இப்போது 1931க்கு வருகிறேன். 1928இல் மேயர் செகி ஹஜிமே, புதிய பேரரசர் முடிசூட்டின் நினைவாகக் கோபுரத்தைத் திரும்பக் கட்டி, சுற்றிலும் பூங்கா அமைக்கலாம் என்றார். நிலம் இராணுவத்திடம். இராணுவம் சும்மா கொடுக்குமா? எங்களுக்குப் புதுத் தலைமையகம் கட்டிக் கொடுங்கள் என்றது. ஊர் மக்கள் நன்கொடையாக 15 லட்சம் யென் சேர்த்தார்கள். அதில் கோபுரத்துக்குப் போனது 4 லட்சத்து 70 ஆயிரம். இராணுவத் தலைமையகத்துக்குப் போனது 8 லட்சம். மீதி பூங்காவுக்கு.

கோபுரம் என்று சொல்லி உண்டியல் குலுக்கினார்கள், பாதிக்கு மேல் பட்டாளத்தின் பைக்குள் போனது. 1931 செப்டம்பரில் ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் புகுந்தது, நவம்பரில் கோபுரம் திறந்தது. கான்கிரீட்டா மரமா என்பதைவிட இது எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

#11 | சந்தேகப்பிராணி

இதை நான் அறியவில்லை. 1945 பற்றி அவசரப்பட்டு எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் லிஃப்ட்டை மன்னிக்க மாட்டேன். பழைய கோட்டை என்று ஒன்றைத் திரும்பக் கட்டுகிறவன் அதற்குள் லிஃப்ட் வைப்பானா?

#12 | வானதி

சந்தேகப்பிராணி ஐயா, உங்கள் பக்கம் ஒரு முன்னாள் பிரதமரே இருந்தார். 2019இல் ஜி20 மாநாட்டு விருந்து இந்தக் கோட்டை வளாகத்தில்தான் நடந்தது. அங்கே பேசிய அப்போதைய பிரதமர் ஷின்சோ அபே, கோபுரத்தை அப்படியே மீட்டுக் கட்டியதில் ஒரே ஒரு பெரிய தவறு, லிஃப்ட் வைத்துவிட்டார்கள் என்றார். மாற்றுத்திறனாளிகள் பலர் கொதித்துப்போனார்கள்.

என் அம்மாவுக்கு மூட்டு அறுவைக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். போன ஆண்டு அவரை அங்கே கூட்டிப்போனேன். மற்றவர்களுக்கு ஐந்தாம் தளம் வரை லிஃப்ட், அதற்கு மேல் படி ஏற வேண்டும். நாற்காலியில் வருகிறவர்களை எட்டாம் தளம் வரை அழைத்துப்போகிறார்கள். அம்மா மேலே நின்று, கம்பி வலைக்குள் விரலை மாட்டிக்கொண்டு, கால் மணி நேரம் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கே ராஜா தினமும் ஏறி இறங்கியிருப்பானா?" என்று கேட்டார். ஏறியிருக்க மாட்டான் அம்மா, கீழே மாளிகையில்தான் இருந்திருப்பான் என்றேன். "பிறகு எதற்காம் இவ்வளவு படி" என்றார்.

1931இல் திறந்த நாளிலிருந்தே உள்ளே லிஃப்ட் உண்டு. 1995 முதல் 1997 வரை நடந்த பெரிய சீரமைப்பில் வெளிப்பக்கம் இன்னொன்றும் சேர்த்தார்கள். பழசு என்று பார்த்தால் அந்த லிஃப்ட்டும் இப்போது பழசுதான்.

நகோயாக் கோட்டையில் இதே சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. கான்கிரீட் கோபுரத்தை இடித்து மரத்தில் கட்டப்போகிறார்கள், லிஃப்ட் வேண்டுமா வேண்டாமா என்று. 2018இலிருந்து அந்தக் கோபுரம் மூடியே கிடக்கிறது.

#13 | சந்தேகப்பிராணி

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

#14 | ஒசாகாவாசி

வானதி அக்கா எழுதியதற்கு மேல் லிஃப்ட் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் தண்ணீருக்குப் போகிறேன்.

கோபுரத்துக்குப் பக்கத்திலேயே வேலி போட்ட ஒரு புல்மேடு இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்கடியில் இருப்பது குடிநீர்த் தொட்டி. 1895இல் ஒசாகாவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது, மேட்டில் தொட்டி வைத்தால் தண்ணீர் தானே இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள். தட்டையான ஊரில் மேடு எங்கே? கோட்டைதான் மேடு. தண்ணீர்க் குழாய்களை வார்த்துக் கொடுத்தது பீரங்கித் தொழிற்சாலை. பீரங்கி வார்க்கத் தெரிந்தவனுக்குக் குழாய் வார்ப்பதா கடினம், இரண்டும் துளையுள்ள இரும்புதானே. அந்தத் தொட்டி இன்றும் வேலை செய்கிறது. இந்த வளாகத்தில் நூறாண்டுக்கு மேலாக ஒரே தொழிலை இடைவிடாமல் செய்துவருவது அது ஒன்றுதான்.

கோபுரத்தின் முன்னால் பழைய பீரங்கி ஒன்று நிற்கிறதே, அதன் கதை தெரியுமா? 1863இல் வார்த்தது, தெம்போஸான் கடற்கரைக் காவலுக்கு. பிறகு கோட்டைக்கு வந்து, நேரம் சொல்வதற்காகச் சுடும் வேலைக்குப் போனது. ஊர் அதை "டோன்" என்று கூப்பிட்டது. நண்பகல் டோன் கேட்டால் சாப்பாட்டு நேரம்.

#15 | அகழிக்கரை

புல்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். தொட்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாது!

1945 பற்றி யாராவது விரிவாக எழுதுங்களேன்.

#16 | பழுப்புக்காகிதம்

ஆகஸ்ட் 14, 1945. மறுநாள் நண்பகல் பேரரசரின் குரல் வானொலியில் வந்தது, போர் முடிந்தது. அதற்கு முந்தைய நாள் பகலில் ஏறத்தாழ 150 விமானங்கள் வந்து அந்தப் பீரங்கித் தொழிற்சாலை மேல் தலா ஒரு டன் எடையுள்ள குண்டுகளைக் கொட்டின. சில குண்டுகள் பக்கத்திலிருந்த கியோபஷி ரயில் நிலையத்தில் விழுந்தன. மேல்பாதை ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் கீழே ஒதுங்கியிருந்தது. இறந்தவர்களில் பெயர் தெரிந்தவர்களே இருநூறு பேருக்கு மேல். ஒரு நாள் பிந்தியிருந்தால் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

கோபுரத்தின் பின்னால், வடகிழக்கு மூலைக்குப் போய்ப் பாருங்கள். பீடத்துக் கற்கள் வரிசை தவறி நகர்ந்திருக்கும், குண்டு அருகே விழுந்த அதிர்வு. விமானத்திலிருந்து சுட்ட தடங்களும் கல்லில் இருக்கின்றன. விரல் நுழையும்.

பிறகு அந்தத் தொழிற்சாலை இடிபாடு பல ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. 1950களில் ஆற்றோரக் குடிசைகளில் இருந்த ஏழைகள், பெரும்பாலும் கொரியர்கள், இரவில் போய் இரும்பைத் தோண்டி எடுத்து விற்றார்கள். செய்தித்தாள்கள் அவர்களுக்கு "அப்பாச்சி" என்று அமெரிக்கப் பழங்குடியின் பெயரைப் பட்டமாகக் கட்டின. போலீசுக்கும் அவர்களுக்கும் இரவு முழுக்க ஓட்டம். போரில் பீரங்கி செய்யப் பிடித்து வந்த இனத்தவர், போர் முடிந்ததும் அதே இரும்பைத் தோண்டிப் பிழைத்தார்கள், அதற்கும் விலங்கு. எட்டு லட்சம் யென் தலைமையகக் கட்டடமோ போலீஸ் தலைமையகமானது. 1960 முதல் 2001 வரை நகர அருங்காட்சியகம். 2017இலிருந்து உள்ளே கடைகளும் உணவகங்களும்.

என் வயிற்றெரிச்சல் வேறு. ஆயுதத் தொழிற்சாலையின் செங்கல் கட்டடம் போரிலும் தப்பி நின்றது. காப்பாற்றச் சொல்லிப் பலர் குரல் கொடுத்தும் 1981இல் இடித்துத் தள்ளினார்கள். அந்தப் பக்கத்தில் 1983இல் பெரிய கச்சேரி அரங்கம் வந்தது. கோட்டை என்றால் ஹிதேயோஷி மட்டும்தான், பீரங்கியும் கூலியாளும் கோட்டையின் வரலாறு ஆகாது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். நாம் இந்த இழையில் முதல் ஒன்பது பதிவு வரை செய்ததும் அதைத்தான்.

#17 | கல்தச்சன்

குத்தல் புரிகிறது, ஏற்றுக்கொள்கிறேன். 1919இல் கட்டிய வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று இன்னும் நிற்கிறது, செங்கல்தான். அடுத்த முறை போனால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். கல்லைப் பார்க்க ஆளில்லை என்று குறைப்பட்டவன் செங்கல்லை விட்டுவிட்டேன்.

#18 | அகழிக்கரை

ஏப்ரலில் மீண்டும் போகும் வேலை இருக்கிறது. பட்டியல் போட்டுவிட்டேன்: வடகிழக்கு மூலை, செங்கல் கட்டடம், நிலத்தடி மதில், தொட்டி. கோபுரத்துக்குள் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கோபுரத்தின் எதிரில் தரையில் வட்டமாக, பளபளவென்று ஒரு உலோக மூடி போன்ற நினைவுச்சின்னம் பார்த்தேன். அது என்ன?

#19 | ஒசாகாவாசி

1970 ஒசாகா உலகக் கண்காட்சியின் காலப்பேழை. அந்தக் காலத்துப் பொருள்களைப் போட்டு இரண்டு பேழைகளைப் புதைத்திருக்கிறார்கள். மேலே இருப்பதை 2000இல் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள், இனி நூறாண்டுக்கு ஒருமுறை. கீழே இருப்பதை 6970ஆம் ஆண்டில்தான் திறக்க வேண்டும்.

#20 | சந்தேகப்பிராணி

6970இல் திறப்பு விழாவுக்கு வர நான் தயார். லிஃப்ட் வேலை செய்தால்.